திரை வழங்கியும் தமிழும்: குரோம்பேட்டை, தரமணி வழியாக ஒரு வரலாறு

திரை வழங்கி என்பது, கணினித் திரையில் எந்தச் சாளரம் எங்கே தெரிய வேண்டும், விசைப்பலகையில் அழுத்திய எழுத்து எந்தச் செயலிக்குப் போய்ச் சேர வேண்டும் என்பவற்றைக் கவனித்துக்கொள்ளும் மென்பொருள் ஆகும். வகுப்பறையில் கரும்பலகை ஒன்றுதான். எழுத வருவோர் பலர். யாருக்கு எந்த மூலை, ஒருவர் எழுதியதை அடுத்தவர் அழித்துவிடாமல் பார்த்துக்கொள்வது யார் என்ற சிக்கல் கணினிக்கும் உண்டு. லினக்சு இயங்குதளத்தில் இந்தப் பொறுப்பை நெடுங்காலம் சுமந்து வந்தது எக்ஸ் சாளர அமைப்பு. அதன் வழங்கிப் பகுதி இன்று எக்ஸ்.ஆர்க் என்று அழைக்கப்படுகிறது.

ஒழுங்காக வேலை செய்யும்வரை இப்படி ஒரு மென்பொருள் இருப்பதே பயனருக்குத் தெரியாது. பழுதானால் கணினியே கெட்டுப்போனது போலத் தோன்றும். உள்ளே இயங்குதளத்தின் கரு ஓடிக்கொண்டிருக்கும். கோப்புகள் பத்திரமாக இருக்கும். திரை மட்டும் கறுத்துப்போய், ஒரு மூலையில் சிறு கோடு துடித்துக்கொண்டிருக்கும். இதைச் சரிசெய்யும் வேலை உலகெங்கும் மிகச் சிலர் கையில்தான் இருந்து வந்துள்ளது. தமிழ் எழுத்து லினக்சுத் திரையில் பிழையின்றித் தெரிவதும் அந்தச் சிலரின் வேலையோடு பிணைந்த ஒன்று. தமிழ்நாட்டில் இந்த வரலாறு தொட்டுச் செல்லும் இடங்களில் இரண்டு, சென்னையின் தென்பகுதியில் உள்ளன: குரோம்பேட்டையும் தரமணியும்.

இரண்டு எம்.ஐ.டி.கள்

எக்ஸ் பிறந்தது அமெரிக்காவின் மாசாசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தில். அங்கே அதீனா என்ற கல்வித் திட்டத்தில் வெவ்வேறு நிறுவனங்களின் கணினிகள் இருந்தன. எல்லாவற்றிலும் ஒரே வகையான திரை வேண்டும் என்ற தேவை எழுந்தது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் டபிள்யூ என்றொரு சாளர அமைப்பு ஏற்கெனவே இருந்தது. அதை எடுத்து மாற்றி எழுதிய பாப் ஷைஃப்லர், ஆங்கில அகரவரிசையில் அடுத்த எழுத்தான எக்ஸ் என்பதைப் பெயராக வைத்தார். 1984 ஜூனில் அவர் அதை அறிவித்தார். ஜிம் கெட்டிஸ் உள்ளிட்டோர் அவரோடு சேர்ந்து உழைத்தனர். 1987 செப்டம்பரில் வெளிவந்த பதினோராம் பதிப்பின் நெறிமுறைதான் இன்றுவரை நீடிக்கிறது.

தமிழ்நாட்டில் எம்.ஐ.டி. என்றால் நினைவுக்கு வருவது குரோம்பேட்டையில் உள்ள மெட்ராஸ் தொழில்நுட்ப நிறுவனம். 1949-இல் சி. ராஜம் நிறுவிய இக்கல்லூரியில்தான் அப்துல் கலாம் வானூர்திப் பொறியியலும், எழுத்தாளர் சுஜாதா மின்னணுவியலும் பயின்றனர். 1978-இல் இது அண்ணா பல்கலைக்கழகத்தின் ஓர் அங்கமானது. குரோம்பேட்டை இன்று தாம்பரம் மாநகராட்சிக்கு உட்பட்ட பகுதி. கட்டற்ற மென்பொருள் உலகில் மிகப் பரவலாகப் பயன்படும் 'எம்.ஐ.டி. உரிமம்' எக்ஸ் மென்பொருளோடு வளர்ந்தது. அது அமெரிக்க எம்.ஐ.டி.யின் பெயரால் வந்தது, குரோம்பேட்டையின் பெயரால் அன்று. மாணவர்கள் இதைக் குழப்பிக்கொள்வதில் வியப்பில்லை.

குழப்பத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. பொதுவாக வழங்கி என்றால் எங்கோ தொலைவில் இருக்கும் பெரிய கணினி என்றே பாடநூல்கள் சொல்லும். எக்ஸ் அமைப்பில் அது தலைகீழ். பயனரின் முன்னால் இருக்கும் திரை, விசைப்பலகை, சுட்டி ஆகியவற்றை ஆளும் மென்பொருளே வழங்கி. எழுத வரும் செயலிகள் வாடிக்கையாளர்கள். அவை அதே கணினியிலும் இருக்கலாம், வலையமைப்பின் மறுமுனையிலும் இருக்கலாம்.

திரையின் அதிர்வெண்ணைக் கையால் எழுதிய காலம்

1990-களின் தொடக்கத்தில் இன்டெல் வகைச் சில்லுகள் கொண்ட மலிவான கணினிகளுக்கு எக்ஸ் வழங்கியைக் கொண்டுவர நால்வர் சேர்ந்து தொடங்கிய திட்டம் எக்ஸ்ஃப்ரீ86. லினக்சு பரவியபோது அதனுடன் சேர்ந்து இதுவும் பரவியது. அக்காலத்தில் லினக்சு நிறுவியோர் பலருக்கு மறக்க முடியாத அனுபவம், அதன் அமைவுக் கோப்பை எழுதுவதுதான். கண்ணாடிக் குழாய்த் திரையின் கிடைமட்ட அதிர்வெண் எத்தனை, செங்குத்து அதிர்வெண் எத்தனை என்று திரையோடு வந்த கையேட்டைப் பார்த்துக் குறிக்க வேண்டும். தவறான எண்ணைக் கொடுத்தால் திரையே பழுதாகலாம் என்ற எச்சரிக்கையும் ஆவணத்தில் இருந்தது. கையேடு இல்லாத பழைய திரை என்றால் ஊகித்துத்தான் எழுத வேண்டும்.

இந்தத் திட்டம் வீழ்ந்த விதம் கவனிக்கத்தக்கது. 2003-இல் உள்குழுவில் கருத்து வேறுபாடு முற்றி, முதன்மை உருவாக்குநர்களில் ஒருவரான கீத் பேக்கார்டு வெளியேற்றப்பட்டார். 2004 பிப்ரவரியில் 4.4 பதிப்பின் உரிமத்தில் ஒரு விளம்பர நிபந்தனை சேர்க்கப்பட்டது. அது பொது உரிமத்தோடு ஒத்துப்போகாது என்று கூறிப் பெரிய லினக்சு வழங்கல்கள் அனைத்தும் அப்பதிப்பை ஒதுக்கின. அவ்வாண்டுத் தொடக்கத்திலேயே எக்ஸ்.ஆர்க் அறக்கட்டளை அமைந்திருந்தது. அது பழைய உரிமத்தில் இருந்த நிரலை எடுத்துத் தொடர்ந்தது. சில மாதங்களில் பயனர்களும் உருவாக்குநர்களும் அங்கே போய்விட்டனர். 2008-க்குப் பிறகு எக்ஸ்ஃப்ரீ86 புதிய பதிப்பு எதையும் வெளியிடவில்லை. நிரலில் இருந்த பிழை அதை வீழ்த்தவில்லை. உரிமத்தில் சேர்த்த ஒரு நிபந்தனை வீழ்த்தியது.

எழுத்துகளை வரிசையாக மட்டுமே அடுக்கத் தெரிந்த வழங்கி

தமிழுக்கு இருந்த சிக்கல் வேறு வகையானது. பழைய எக்ஸ் அமைப்பில் எழுத்துருக்கள் வழங்கியிடம் இருந்தன. செயலி எண்களின் வரிசையை அனுப்பும். வழங்கி ஒவ்வோர் எண்ணுக்கும் உரிய வடிவத்தை எடுத்து, இடமிருந்து வலமாக அடுக்கிவிடும். அதற்கு மேல் அதற்கு எதுவும் தெரியாது. ஆங்கிலத்துக்கு இது போதும். தமிழில் 'கொ' என்று எழுத வேண்டுமானால் ககரத்துக்கு முன்னே ஒற்றைக்கொம்பும் பின்னே காலும் வர வேண்டும். ஒருங்குறியிலோ முதலில் ககரம், அதன்பின் ஒகரக்குறி என்று ஒலிக்கும் முறையில்தான் சேமிக்கப்படுகிறது. வந்த வரிசையிலேயே அடுக்கும் வழங்கி கொம்பை இடம் மாற்றாது. எழுத்து சிதறித்தான் தெரியும்.

ஆகவே, அன்றைய தமிழ்க் கணிமையாளர்கள் ஒரு குறுக்கு வழி கண்டனர். 256 இடங்களின் கீழ்ப்பாதியை ஆங்கிலத்துக்கு விட்டுவிட்டு, மேல்பாதியில் தமிழ் வடிவங்களை வைத்தனர். கொம்பு ஒரு வடிவம், ககரம் ஒரு வடிவம், கால் ஒரு வடிவம். கண்ணால் காணும் வரிசையிலேயே சேமிப்பது. 1990-களின் பிற்பகுதியில் உலகெங்கும் இருந்த தமிழர்கள் இணையவழி விவாதித்து உருவாக்கிய தஸ்கி குறியேற்றம் இவ்வகையினது. மதுரைத் திட்டத்தைத் தொடங்கிய கு. கல்யாணசுந்தரமும் மலேசியாவின் முத்து நெடுமாறனும் அதில் முன்னின்றவர்கள். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட்99 மாநாட்டைத் தொடர்ந்து தமிழக அரசு ஏற்ற டாப் குறியேற்றமும் இதே அடிப்படையில் அமைந்தது. எக்ஸ் வழங்கிக்குத் தமிழ் தெரிய வேண்டிய தேவையே இவற்றில் இல்லை. வழங்கிக்குத் தெரிந்த ஒரே வேலைக்குத் தமிழை இணங்க வைத்த ஏற்பாடு அது.

இந்தக் காலத்தின் தடம் எக்ஸ் நிரலில் இன்றும் உள்ளது. எக்ஸ் நூலகத்தில் மொழிச்சூழல்களுக்கான அடைவில் தஸ்கி என்ற பெயரில் ஓர் உள்ளடைவு இருக்கிறது. விசைப்பலகைத் தொகுப்பிலும் தமிழ்நெட்99 அமைப்பு ஒருங்குறிக்கு ஒன்று, டாப் குறியேற்றத்துக்கு ஒன்று, தஸ்கிக்கு ஒன்று என இடம் பெற்றுள்ளது. இன்று தஸ்கியில் எழுதுவோர் அரிது. ஆயினும் பழைய கோப்பைத் திறக்க வேண்டிய ஓர் ஆய்வாளருக்கு அது தேவைப்படலாம்.

தமிழ் ஒருங்குறிக்கு மாற வழி திறந்தது, வழங்கியிடமிருந்து எழுத்து வேலையைப் பறித்தபோதுதான். 2000-ஆம் ஆண்டையொட்டி கீத் பேக்கார்டு உருவாக்கிய ரெண்டர் நீட்சியும் அதன்மேல் அமைந்த எக்ஸ்.எஃப்.டி. நூலகமும் எழுத்துருக்களைச் செயலியின் பக்கம் கொண்டுவந்தன. செயலியே எழுத்தின் வடிவைத் தீர்மானித்து, படமாக வழங்கியிடம் தரும். அதன்பின் பாங்கோ, க்யூட்டி முதலிய நூலகங்களில் இந்திய மொழிகளுக்குக் கொம்பை இடம் மாற்றும் விதிகள் எழுதப்பட்டன. இவ்விரண்டின் நிரல்களும் சேர்ந்து பின்னர் ஹார்ஃப்பஸ் என்ற பொது நூலகம் உருவாயிற்று. பாரசீக மொழியில் அப்பெயருக்குத் 'திறந்த எழுத்து' என்பது பொருள். இன்று ஃபயர்பாக்ஸ், குரோம், ஆண்ட்ராய்டு ஆகியவற்றில் தமிழ் ஒழுங்காகத் தெரிவது அதன் வழியாகத்தான்.

குரோம்பேட்டையும் தரமணியும்

குரோம்பேட்டை எம்.ஐ.டி. வளாகத்தில் ஏ.யூ.-கே.பி.சி. ஆய்வு மையம் இயங்குகிறது. அக்கல்லூரியின் பழைய மாணவரும் தொழில்முனைவருமான கே.பி. சந்திரசேகரின் நன்கொடையால் அமைந்தது. பெயரின் பிற்பகுதி அவரைக் குறிக்கும். 2005-இல் நடுவண் அரசின் தகவல் தொழில்நுட்பத் துறை, கட்டற்ற மென்பொருளுக்கான தேசிய வள மையத்தை உருவாக்கியபோது அப்பணி இரண்டு இடங்களுக்குப் பகிர்ந்து கொடுக்கப்பட்டது. ஒன்று இந்த ஆய்வு மையம். மற்றொன்று தரமணி டைடல் பூங்காவில் இருந்த சி-டாக் எனப்படும் உயர்நிலைக் கணினியியல் மேம்பாட்டு மையத்தின் சென்னைப் பிரிவு. குரோம்பேட்டையில் பேராசிரியர் சி.என். கிருஷ்ணன் தலைமையில் பாடத்திட்டமும் பயிற்சியும் முதன்மை பெற்றன. கட்டற்ற மென்பொருள் அண்ணா பல்கலைக்கழகப் பொறியியல் கல்லூரிகளில் விருப்பப் பாடமானது இதன் விளைவுகளில் ஒன்று. தேர்வுக்குரிய பாடமானால்தான் நம் கல்லூரிகளில் ஒன்றை முறையாகப் படிப்பார்கள் என்பதை அறிந்தவர்கள் செய்த வேலை அது.

தரமணியில் உருவானது பாஸ் எனச் சுருக்கமாக அழைக்கப்படும் பாரத் இயக்க முறைமைத் தீர்வுகள். 2007 ஜனவரியில் வெளியான இது, டெபியன் என்ற உலகளாவிய தன்னார்வ வழங்கலை அடியாகக் கொண்டது. தரங், அனந்த், தேஜஸ், சவிர் என்று பதிப்புகளுக்குப் பெயர் சூட்டப்பட்டது. தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளில் எழுதவும் படிக்கவும் தேவையானவற்றை நிறுவும்போதே தருவது இதன் நோக்கங்களில் ஒன்று. இதே காலத்தில் எல்காட் நிறுவனத்தின் மேலாண்மை இயக்குநராக இருந்த சி. உமாசங்கர், அந்நிறுவனத்தின் கணினிகளை சூசே லினக்சுக்கு மாற்றினார். சென்னை லினக்சு பயனர் குழுவினர் கிண்டியில் உள்ள இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் மாதந்தோறும் கூடி, ஒருவர் கணினியில் உள்ள கோளாறை மற்றவர் பார்த்துச் சொல்லி வந்தனர்.

பாஸ் போன்ற ஒரு வழங்கலை உருவாக்குவோர் திரை வழங்கியை எழுதுவதில்லை. டெபியன் தரும் பொதியை எடுத்து, தம் பயனரிடம் இருக்கும் வன்பொருளில் அது ஓடுகிறதா என்று சோதித்து, ஓடாத இடத்தில் மாற்றம் செய்து, எழுத்துருவும் உள்ளீட்டு முறையும் சேர்த்துக் கட்டித் தருகிறார்கள். டெபியனில் எக்ஸ் பொதிகளைக் கவனிக்கும் தன்னார்வக் குழுவுக்கு 'எக்ஸ் ஸ்டிரைக் ஃபோர்ஸ்' என்று பெயர்; அதிரடிப்படை போல ஒலித்தாலும் எப்போதும் ஆள் பற்றாக்குறையிலேயே இயங்கும் சிறிய குழுதான். அவர்களுக்கும் மேலே எக்ஸ்.ஆர்க்கின் மூலத் திட்டம். அங்கே நிரலைப் பேணுவோர் பெரும்பாலும் ரெட் ஹாட், இன்டெல், ஆரக்கிள் போன்ற நிறுவனங்களில் ஊதியம் பெற்று அவ்வேலையைச் செய்தவர்கள்.

இந்தப் படிவரிசை முக்கியமானது. தரமணியில் கண்டுபிடித்த ஒரு பிழையைத் தரமணியிலேயே திருத்திவிட்டு நிறுத்திக்கொள்ளலாம். அப்போது அடுத்த பதிப்பு வரும்போது அதே திருத்தத்தை மீண்டும் செய்ய வேண்டியிருக்கும்; செய்தவர் பணி மாறிப் போயிருந்தால் பிழை திரும்பிவிடும். மாறாக அதை டெபியனுக்கும், அங்கிருந்து மூலத் திட்டத்துக்கும் அனுப்பி ஏற்கச் செய்தால், உலகில் உள்ள எல்லா லினக்சுக் கணினிகளுக்கும் அது போய்ச் சேரும். பின்னது கடினமான வழி. கேள்விகள் வரும், திருத்தத்தை மாற்றி எழுதச் சொல்வார்கள், மாதங்கள் ஆகலாம். அரசுத் திட்டத்தின் காலக்கெடுவுக்குள் இது அடங்குவது அரிது. இந்திய மொழிகளுக்காகச் செலவிடப்பட்ட உழைப்பில் கணிசமானது அந்தந்த வழங்கலோடு நின்றுபோனதற்கு இதுவே பெரிய காரணம் எனலாம்.

மடிக்கணினிகள் வந்தபோது

2011 செப்டம்பர் 15 அன்று தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் திருவள்ளூர் மாவட்டத்தில் தொடங்கி வைக்கப்பட்டது. அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளின் மேல்நிலை மாணவர்களுக்கும் கல்லூரி மாணவர்களுக்கும் மடிக்கணினி கிடைத்தது. தொடக்கத்தில் வழங்கப்பட்டவற்றில் விண்டோசும் பாஸ் லினக்சும் சேர்ந்தே இருந்தன. கணினியைத் திறந்ததும் எது வேண்டும் என்று கேட்கும். இலட்சக்கணக்கான வீடுகளில் எக்ஸ் வழங்கி இப்படித்தான் நுழைந்தது. அதன் பெயரை அறிந்த மாணவர் நூற்றில் ஒருவர் இருந்திருந்தாலே அதிகம்.

மடிக்கணினி, திரை வழங்கிக்கு மேசைக்கணினியைவிடக் கடினமான சோதனை. மூடித் திறந்தால் திரை மீள வேண்டும். வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் விசைகள் வேலை செய்ய வேண்டும். வகுப்பறை வீழ்த்தியில் இணைத்தால் படம் சுவரில் தெரிய வேண்டும். 2007 வரை வீழ்த்தியை இணைப்பதற்குக்கூட அமைவுக் கோப்பைத் திருத்தி, வழங்கியை நிறுத்தித் தொடங்க வேண்டியிருந்தது. அவ்வாண்டு ராண்டர் நீட்சியின் 1.2 பதிப்பு வந்த பிறகே ஓடிக்கொண்டிருக்கும்போது இன்னொரு திரையைச் சேர்க்க முடிந்தது. 2009-இல் திரையின் அளவை அமைக்கும் வேலை வழங்கியிடமிருந்து லினக்சு கருவுக்கு மாற்றப்பட்டது. அமைவுக் கோப்பு எழுதும் வழக்கமும் மெல்ல மறைந்தது. பாடம் நடத்தும் நடுவில் கோப்பைத் திருத்த நேர்ந்த ஆசிரியர்களுக்கு இம்மாற்றத்தின் அருமை புரியும்.

சில்லைப் புரிந்துகொள்ளாத நேரத்தில் எக்ஸ், வெசா என்ற பொது இயக்கிக்கு இறங்கிவிடும். படம் தெரியும், ஆனால் அளவு பொருந்தாது, வட்டம் நீள்வட்டமாகும், காணொளி தடுமாறும். இத்தகைய நேரத்தில் முதலில் பார்க்க வேண்டியது வழங்கி எழுதிவைக்கும் குறிப்பேட்டை. அதில் ஒவ்வொரு வரியின் தொடக்கத்திலும் அடைப்புக்குள் இரண்டு எழுத்துகள் இருக்கும்: இரண்டு 'ஐ' என்றால் தகவல், இரண்டு 'டபிள்யூ' என்றால் எச்சரிக்கை, இரண்டு 'ஈ' என்றால் பிழை. நூற்றுக்கணக்கான வரிகளில் இரண்டு 'ஈ' கொண்ட வரியைத் தேடி எடுப்பதே பாதி மருத்துவம். எந்தப் பதிப்பில் நன்றாக இருந்தது, எதில் கெட்டது என்று தெரிந்தால், இடைப்பட்ட மாற்றங்களைப் பாதி பாதியாக வகுத்துச் சோதிக்கலாம். ஆயிரம் மாற்றங்கள் இருந்தாலும் பத்து முறை சோதித்தால் குற்றவாளி அகப்படும். 2-இன் பத்தாம் அடுக்கு 1024 என்பதை எட்டாம் வகுப்பில் படித்தவர்களுக்கு இது விளங்கும்.

இருபத்திரண்டு ஆண்டு ஒளிந்திருந்த பிழை

திரை வழங்கியின் பிழைகள் எல்லாம் கண்ணுக்குத் தெரிவன அல்ல. 2014 ஜனவரியில் எக்ஸ்.ஆர்க் ஒரு பாதுகாப்பு அறிவிப்பு வெளியிட்டது. புள்ளிகளால் ஆன பழைய எழுத்துருக் கோப்புகளைப் படிக்கும் பகுதியில், எழுத்தின் பெயரை வைக்க நூறு இடங்களே ஒதுக்கப்பட்டிருந்தன. பெயர் அதைவிட நீளமாக இருந்தால் என்ன ஆகும் என்று எழுதியவர் கேட்கவில்லை. அந்த வரி எழுதப்பட்டது 1991-இல். திருத்தம், '99 எழுத்துக்கு மேல் படிக்காதே' என்று சொல்லும் இரண்டு இலக்கங்களைச் சேர்த்தது, அவ்வளவுதான். நிரலைத் தானாகச் சோதிக்கும் ஒரு கருவி காட்டிக் கொடுக்கும்வரை இருபத்திரண்டு ஆண்டுகள் எவர் கண்ணிலும் அது படவில்லை.

2018 அக்டோபரில் இந்தியப் பாதுகாப்பு ஆய்வாளர் நரேந்திர சிண்டே இன்னொன்றைக் கண்டுபிடித்தார். வழங்கி தன் குறிப்பேட்டை எங்கே எழுத வேண்டும் என்று பயனரே சொல்ல ஒரு வசதி உண்டு. வழங்கிக்கு முழு அதிகாரம் தரப்பட்டிருந்த கணினிகளில், சாதாரணப் பயனர் ஒருவர் இவ்வசதியைக் கொண்டு கணினியின் முதன்மைக் கோப்புகளின் மேலேயே எழுதிவிடலாம். 2016-இல் வந்த 1.19 பதிப்பில் நுழைந்த பிழை இது. 1.20.3 பதிப்பில் திருத்தப்பட்டது. 2023 அக்டோபரில் வெளியான அறிவிப்பு ஒன்று, விசைகளின் அட்டவணையைப் படிக்கும் பகுதியில் 1996 முதல் இருந்த பிழையைப் பற்றியது. இவற்றையெல்லாம் எழுதியவர்கள் திறமை குறைந்தவர்கள் அல்லர். ஒருவரையொருவர் நம்பிய பல்கலைக்கழக வளாகத்துக்காக எழுதப்பட்ட நிரல், பின்னர் எவரும் எவரையும் நம்ப முடியாத உலகில் ஓட வேண்டியதாயிற்று.

கவனிக்க ஆளில்லாத வீடு

2020 அக்டோபரில், எக்ஸ் வழங்கியின் பதிப்புகளை நெடுநாள் வெளியிட்டு வந்தவர்களில் ஒருவரான ஆடம் ஜாக்சன், தனித் திரை வழங்கி என்ற நிலையில் எக்ஸ்.ஆர்க் கைவிடப்பட்டுவிட்டது என்று வெளிப்படையாக எழுதினார். 2018 மே மாதம் வந்த 1.20-க்குப் பின் பெரிய பதிப்பு எதுவும் வரவில்லை. நிறுவனங்களின் கவனம் வேலாண்டு பக்கம் திரும்பியிருந்தது. இது கிறிஸ்டியன் ஹோக்ஸ்பெர்க் 2008-இல் தொடங்கிய புதிய நெறிமுறை. பின்னர் போவிலாஸ் கனபிக்காஸ் என்ற தன்னார்வலர் முன்வந்து பொறுப்பேற்க, 2021 அக்டோபரில் 21.1 பதிப்பு வெளிவந்தது. கோடிக்கணக்கான கணினிகளில் ஓடிய மென்பொருளின் அடுத்த பதிப்பு, ஒருவர் 'நான் செய்கிறேன்' என்று சொன்னதால் வந்தது.

அதன்பின்னும் பாதுகாப்புத் திருத்தங்கள் வந்துகொண்டிருக்கின்றன. ஆனால் போக்கு மாறவில்லை. 2025-இல் வந்த உபுண்டு 25.10, க்னோம் மேசைத்தளத்தை வேலாண்டில் மட்டுமே தருகிறது. பழைய செயலிகளுக்காக எக்ஸ்வேலாண்டு என்ற இடைநிலை வழங்கி உள்ளது.

வேலாண்டில் எழுத்துருவை வழங்கி தொடுவதே இல்லை. செயலிதான் எல்லாவற்றையும் வரைந்து தருகிறது. ஆகவே கொம்பு சிதறும் பழைய சிக்கல் அங்கே எழ வழியில்லை. தட்டச்சில் மட்டும் ஒரு பழைய வரம்பு தொடர்கிறது. எக்ஸ் அமைப்பின் விசைப்பலகை முறையில் ஒரு விசைக்கு ஒரு குறியீடு என்பதே விதி. ஒருங்குறியில் ககரத்தின் எண் 2965. அதனுடன் 1,67,77,216-ஐக் கூட்டினால் எக்ஸ் அறியும் விசைக்குறி கிடைக்கும். இப்படித் தமிழ் எழுத்து ஒவ்வொன்றையும் ஒரு விசையில் வைக்கலாம். ஆனால் தமிழ்99 முறையில் அகர விசையை அழுத்தினால் சொல்லின் முதலில் உயிரெழுத்தாகவும், மெய்க்குப்பின் வேறாகவும் அமைய வேண்டும். மெல்லினத்துக்குப்பின் அதன் இன வல்லினம் வந்தால் புள்ளி தானாக விழ வேண்டும். முன்னால் என்ன எழுதப்பட்டது என்று நினைவில் வைக்காத விசை அட்டவணையால் இது ஆகாது. அதனால்தான் ஸ்கிம், பின்னர் ஐபஸ் போன்ற உள்ளீட்டு முறைகள் தேவைப்பட்டன. வேலாண்டிலும் அவை தனியாக இணைக்கப்பட வேண்டியவையே. தொடக்க ஆண்டுகளில் அந்த இணைப்பு எல்லா மேசைத்தளங்களிலும் சீராக அமையவில்லை. உயிரும் உயிர்க்குறியும் தனித்தனியாகத் தட்டப்படும் இன்ஸ்கிரிப்டு அமைப்புக்கு இத்தொல்லை இல்லை.

விசை அட்டவணைகள் மட்டும் அப்படியே இடம் பெயர்ந்தன. வேலாண்டு தனக்கென்று புதிய விசைப்பலகை முறையை உருவாக்கவில்லை. எக்ஸ் திட்டத்தின் அதே விசைப்பலகைத் தொகுப்பை, எக்ஸ் வழங்கி இல்லாமலே படிக்கும் ஒரு சிறு நூலகத்தின் வழியாகப் பயன்படுத்துகிறது. எனவே தமிழ் அமைப்புகளை முன்னொரு காலத்தில் எழுதி மூலத் திட்டத்துக்கே அனுப்பிவைத்தவர்களின் வரிகள், எக்ஸ் வழங்கி நிறுவப்படாத கணினியிலும் இன்று ஓடுகின்றன. புதிய உபுண்டு கணினியின் அமைப்புகளில் விசைப்பலகைப் பட்டியலைத் திறந்து தமிழ் என்று தேடினால், தமிழ்நெட்99 அங்கே இருக்கிறது. அதற்குக் கீழே தமிழ் எண்களுடன் கூடிய வகையும் இருக்கிறது.